சம்மாட்டியின் சொல்

உடப்பு
ஆனி 4

அன்புள்ள தம்பி கிருஷாந்தனுக்கு,

நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க திரௌபதை அம்மனை வேண்டிக்கொண்டு அண்ணி எழுதுகிறேன். இங்கு நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் நான் கதைத்தால் உங்கள் அண்ணா பக்கத்தில் வந்து நின்று கேட்கிறார். அதனால்தான் இன்று நீங்கள் இருக்கும் இத்தாலிக்குத் திரும்பும் நம்மூர் றொமேஷிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

சித்திரை வருடப்பிறப்போடு மனக்குழப்பத்துக்கு டொக்டர் தந்த குளிசையை அவர் நிறுத்திவிட்டார். உறக்கம் இல்லை. மூன்று வள்ளத்துக்கும் சொந்தக்காரர், சம்மாட்டி அவர்தானே, அவர் சொன்னால் கரையில் மறுபேச்சு கிடையாது. போன கிழமை கச்சான் காற்று பேயாய் வீசியது. கடலுக்குப் போக வேண்டாம் என்று ரேடியோ சொன்னது. "கடல் எனக்குச் சொல்லும், ரேடியோ ஆர்?" என்று ஆட்களைக் கடலில் இறக்கினார். ஒரு வள்ளம் கவிழ்ந்தது. அதில் போன அருமைநாயகம் அண்ணன் எண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்துக் கரை சேர்ந்தார். அவரே பிறகு, "சம்மாட்டியில பிழையில்ல, அலை மாறிட்டுது" என்று ஊருக்குச் சொன்னார்.

மறுநாள் எங்கள் மகள் கஜலக்ஷ்மி சரித்திரப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். கண்டி இராச்சியத்தை இங்கிலாந்து அரசரின் பெயரில் எழுதிக் கொடுத்தபோது, அந்த அரசர் புத்தி பேதலித்து, பார்வையும் போய், மாளிகைக்குள் அடைபட்டுக் கிடந்தாராம். அவருக்குப் பதிலாக மகன்தான் ஆண்டானாம். உங்கள் அண்ணா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "ராசாவைப் பூட்டினது ஆர்? பெண்சாதியா, பிள்ளையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து என் கையால் அவர் சாப்பிடுவதில்லை. கடையில் பாண் ரொட்டி வாங்கிக்கொண்டு போய் கடற்கரை வாடிக் குடிசையில் தனியே தின்கிறார். வள்ளங்களுக்கு ஆசைப்பட்டு நான் நஞ்சு வைப்பேனாம்.

நேற்று அதே காற்றில் மறுபடி இறங்கச் சொன்னார். நான் கரைக்கு ஓடினேன். அத்தனை ஆண்களுக்கும் முன்னால், "இவருக்குச் சுகமில்ல. இவர்ர சொல்லுக்கு ஒருத்தரும் இறங்காதீங்கோ!" என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. கடைசியில் அருமைநாயகம் அண்ணன்தான் வள்ளத்தைப் பிடித்து மேலே இழுத்தார். பிறகு மற்றவர்களும் கை கொடுத்தார்கள்.

உங்கள் அண்ணா ஏசவில்லை, அடிக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "என்னை இறக்கிப்போட்டியே, சந்திரா" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஆட்கள் தப்பினார்கள். ஆனால் ஒருவரும் வராவிட்டால் தனியே போவேன் என்கிறார். எஞ்சினைக் கழற்றி மறைத்துவிட்டோம். கடலை எங்கே மறைப்பது?

குளிசையை விடாமல் எடுத்தால் பழைய ஆளாகிவிடுவார் என்று டொக்டர் சொல்கிறார். "தம்பி தந்தால் குடிப்பன்" என்று இன்று காலை அவரே சொன்னார். வேலையில் லீவு தரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன், வாருங்கள்.

நீங்கள் வந்து இறங்கும்வரை நான் வாடி வாசலை விட்டு அசையமாட்டேன். அம்மன் உங்களை வேளையோடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணி சந்திரவதனா