நடை சாத்திய நாளின் குங்குமம்

நேற்று பொங்கல் காப்புக் கட்டுக்காக வீடு ஒதுக்கினோம். பழைய இரும்புக்காரனுக்கென்று என் மாமியார் வாசலில் சேர்த்துவைத்த குவியலில், ஓட்டை வாளிக்கும் அறுந்த ஒயர்கூடைக்கும் நடுவே என் ஷூ கிடந்தது. எடுத்து உதறினேன். உள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. போன மார்கழியில் நீ மடித்துக் கொடுத்த குங்குமம். பழைய வியர்வையும் அதுவும் கலந்த வாசனையில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். வேலை கிடக்கிறது என்று அத்தை உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

மார்கழி ஒன்றுதான் நமக்கு வாய்த்த மாதம். மற்ற மாதங்களில் நம்மைப்போல் வீட்டுப் பெண்கள் விடியுமுன் கதவைத் திறந்தால் எங்கே என்று கேட்பார்கள். மார்கழியில் கேட்கமாட்டார்கள். பூக்கூடையோடு என் வாசலில் வந்து நின்று, "வா புள்ள, பெருமாளு காத்திருக்காரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவாய். பெருமாள் காத்திருக்கத்தான் செய்தார். நாம் உங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் ஷூவை மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் ஓடிக்கொண்டிருந்தோம்.

முதல் வாரம் படுமோசம். தீபாவளி அதிரசமும் முறுக்கும் இடுப்பைவிட்டு இறங்க மறுக்கும். கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கி நிற்கும் சாக்கில் மூச்சு வாங்கிக்கொள்வோம். மாதம் பாதியாகும்போது கால் இலகுவாகிவிடும். பனிக்குள் பேசிக்கொண்டே ஓடுவோம். தை பிறந்ததும் விருந்தாளிகள் வந்து இறங்குவார்கள், ஓட்டம் நின்றுபோகும். அடுத்த வருடம் மறுபடியும் அதிரசத்திலிருந்து ஆரம்பம். "நம்ம ஒடம்பு வருசா வருசம் ஒண்ணாங்கிளாஸ்லயே உக்காந்திருக்குது" என்று சிரிப்பாய்.

வீடு திரும்புமுன், கோயிலுக்குப் போய்வந்த அடையாளமாக, நீயே என் நெற்றியில் குங்குமம் இட்டுவிடுவாய். அதில்தான் ஒருநாள் மாட்டிக்கொண்டோம். கோயில் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோய், உடலை எடுக்கும்வரை கோயில் திறக்கவில்லை. அது தெரியாமல் பளிச்சென்ற நெற்றியோடு வந்து நின்றோம். அத்தை நிதானமாகப் பார்த்தார்.

"நட சாத்திக் கெடக்குதாமா. குங்குமம் ஆரு குடுத்தாங்க?"

வாய்க்கால் மேட்டுப் பிள்ளையாரிடம் போய்விட்டோம் என்று நீதான் கூசாமல் சொன்னாய். அத்தை நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்தப் புரட்டாசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. உன்னை எடுக்கும்வரை அன்றும் நடை சாத்தியிருந்தது. காரியமெல்லாம் முடிந்தபின் உன் வீட்டுக்காரர், மோட்டார் ரூமில் கிடந்த என் ஷூவைப் பையில் போட்டு, நல்ல மனதோடு அத்தை கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். நம் ஓட்டம் அப்படித்தான் வெளியே வந்தது.

"ஓடி ஓடியே உசுர உட்டுட்டா" என்றார் அத்தை. காய்ச்சலில் போனவள் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். யார் காதிலும் ஏறவில்லை. என் வீட்டுக்காரரும் கொஞ்ச நாளைக்கு வேண்டாமே என்றார். உன் சாவை வைத்தே என் வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். எனக்கு எல்லோர்மேலும் கோபம் வந்தது, உன்மேலும்தான்.

இருந்தாலும் மார்கழி முதல் நாள் பூக்கூடையை எடுத்தேன். "இரு சாமி, நானும் வாரேன்" என்றார் அத்தை. அன்றிலிருந்து தினமும் நிஜமாகவே கோயிலுக்குப் போகிறேன், அவருடைய முட்டிவலிக்குத் தோதான நடையில். வாய்க்கால் கரை பிரியும் இடத்தில் கால் தானாகத் திரும்பும். இழுத்துக்கொள்வேன். ஓடும்போது முட்டாத மூச்சு இப்போது நடக்கும்போது முட்டுகிறது.

இன்று மார்கழி கடைசி நாள். நாளை வீடு நிறைய ஆள். அதன்பின் இந்த நடையும் இல்லை. உன் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். அத்தை கொடிமரத்தருகே காலை நீட்டி உட்கார்ந்ததும் பிரகாரம் சுற்ற ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் நடந்தேன். பிறகு என்னால் நடக்க முடியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குளிர்ந்த கல்லில் வெறுங்காலோடு ஓடினேன். பிரசாத வரிசையே திரும்பிப் பார்த்தது. அடுத்த சுற்றில் அத்தை கையை நீட்டி மறித்தார்.

"என்ன சாமி இது?"

"வேண்டுதலுங்க அத்தை. நூத்தியெட்டு சுத்து ஓடறதா அவ நேந்திருந்தா. முடிக்காமப் போயிட்டா."

எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய். நீ பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்த மாதிரி இருந்தது. பெருமாளுக்குப் பாக்கி வைத்த வேண்டுதலைத் தடுக்க அத்தைக்கு மனம் வரவில்லை. மறித்த கையை இறக்கி, நீட்டியிருந்த காலையும் மடக்கிக்கொண்டார். ஒரே நாளில் ஆகாது, தையிலும் வரவேண்டியிருக்கும் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

உயர்ந்த மதில். நாலு மூலை. வாய்க்கால் மாதிரி நேராகப் போக வழியில்லை; ஒவ்வொரு மூலையிலும் திரும்பித்தான் ஆகவேண்டும். திரும்பித் திரும்பி ஓடினேன். அழுகையும் வந்தது.

இன்றைய சுற்றுகளை ஓடி முடித்து, தாயார் சன்னதியில் கொடுத்த குங்குமத்தை அத்தையிடம் கொடுத்துவிட்டு, உன் பொட்டலத்தை அவர் கண்ணெதிரிலேயே பிரித்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். பார்த்துக்கொண்டே இருந்தார். ஆரு குடுத்தாங்க என்று இன்று கேட்கவில்லை.