செருப்புப் படாத பாறை

ஐப்பசி 14, வெள்ளி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. விளக்கு துலக்கப் போனால் பிரஷ்ஷைக் காணோம். கொல்லையில், இவர் கையில். பைக் செயினைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டது என் குழம்புச் சட்டியில்.

ட்ரையல்ஸாம். பாறை மேல் பைக்கை நத்தை மாதிரி ஏற்றுவதாம். கால் தரையில் பட்டால் தோற்ற மாதிரியாம். நாற்பத்தெட்டு வயது, இலுப்பூரில் குமாஸ்தா வேலை, சர்க்கரை வேறு. போனில் எவனோ வெள்ளைக்காரன் ஓட்டியதைப் பார்த்து வந்த வினை.

நின்றே ஓட்டணும் என்று சீட்டைக் கழற்றிவிட்டார். இத்தனை வருஷம் நான் உட்கார்ந்து போன சீட்டு, அரிசி மூட்டை மேல் கிடக்கிறது. இனி கோவிலுக்கு நான் பஸ்.

பக்கத்து வீட்டு சரோஜா: "என்னக்கா, சீட்டை யாரும் களவாண்டுட்டாகளா?" சிரிப்பு வேறு.

ஐப்பசி 16, ஞாயிறு

மழை இல்லை. கரண்டும் இல்லை.

வாங்கியது: பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம், க்ளட்ச் கேபிள். வண்டி மெதுவாக, ஆனால் பலமாக இழுக்குமாம். கணக்கில் எந்தத் தலைப்பில் எழுத? போக்குவரத்து என்றால், போவது எங்கேயும் இல்லை. பென்சிலால் எழுதி தலைப்பை விட்டுவைத்தேன்.

டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டார். அப்போதுதான் பாறையைக் கவ்வுமாம். க்ளட்ச் லீவரை ஒரே விரலால் பிடிக்கிற மாதிரி தள்ளி வைத்தார். அதே கிரீஸ் விரலால் சட்னியைத் தொட்டு ருசி பார்த்தார். அப்படியே கொட்டினேன்.

ஐப்பசி 19, புதன்

எழுதவே கூசுகிறது. இவர் விடிகாலையில் ஓட்டிப் பழகுவது முருகன் பாறையில். ஷூ போட்டுக்கொண்டு. ஆடு மேய்க்கிறவர்களே அடிவாரத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிற பாறை. உச்சியில் கார்த்திகை விளக்கு ஏற்றுவது இவர் குடும்பத்து முறை. கல்யாணமாகி வந்ததிலிருந்து திரி திரிப்பது நான். ஒரு வருஷம்கூட விட்டதில்லை.

பூசாரி வீட்டுக்கே வந்துவிட்டார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. வண்டி ஏறுவதில் குற்றமில்லையாம், சாமிக்குத் தண்ணீர் ட்ரம் வண்டியில்தான் ஏறுகிறது. செருப்புப் பட்டால் மட்டும் இந்த வருஷ விளக்கு வேறு வீட்டுக்குப் போய்விடும் என்றார்.

இவர் வெட்கமே இல்லாமல், "படாது மாமா. இந்த ஆட்டத்துக்குச் சட்டமே அதான். கால ஊனக்கூடாது."

"அப்ப ஞாயித்துக்கெழமை நான் பாக்க ஏறு."

இதுவரை பட்டதா என்று பூசாரி கேட்கவில்லை. அவர் போன பிறகு நான் கேட்டேன். செயினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

ஐப்பசி 21, வெள்ளி

வெறுங்காலோடு ஓட்டுங்களேன் என்றேன். கால் வைக்கிற கம்பியில் பல் பல்லாக இருக்கிறது, பாதம் கிழிந்துவிடும் என்கிறார். கிழியட்டுமே.

ஐப்பசி 23, ஞாயிறு

வெயில். பாறை காய்ந்திருந்தது. பாதி ஊர் கூடிவிட்டது. சரோஜா முறுக்கோடு வந்தாள். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு இவர் கால்களை மட்டும் பார்த்தேன்.

வண்டி அதிகச் சத்தமில்லாமல் ஏறியது. முதல் திட்டு, அப்புறம் படிவெட்டு, சுனை ஓரம். நடுநடுவே கால் ஊன்றாமல் அப்படியே நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இவரிடம் சொல்லக்கூடாது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே முன்சக்கரம் நிழலில் காயாமல் கிடந்த பாசியில் வழுக்கியது. யாராக இருந்தாலும் காலை ஊன்றியிருப்பார்கள். இவர் வண்டியை விட்டுவிட்டு மல்லாக்க விழுந்தார். கவிழ்ந்த கரப்பான் மாதிரி இரண்டு காலும் மேலே. பேண்ட் வேறு கிழிந்து, சே.

படுத்தபடியே, "மாமா, கால் படல. யாராச்சும் ஷூவ அவுத்துவிடுங்க."

நான்தான் ஓடினேன். அந்த சாக்ஸ் நாற்றம் சாமி வரைக்கும் போயிருக்கும்.

பூசாரி குனிந்து பாறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஆளுதான் பட்டுருக்காரு. செருப்புப் படல. வெளக்கு ஒங்க வீட்லதான்."

அழுகை வந்தது. ஊர் முன்னால் அழுதது இன்னும் எரிச்சல்.

ஐப்பசி 24, திங்கள்

மறுபடி தூறல். திரிக்கு வேட்டி கிழித்து வைத்தேன். இவர் குப்புறப் படுத்திருக்கிறார். முதுகு முழுக்கத் தைலம், வீடு முழுக்க வாடை. பல்சக்கரத்தைக் கோவில் செலவில் எழுதச் சொல்கிறார். "அது இல்லாட்டி வெளக்குப் போயிருக்கும்ல?"

அது இல்லாவிட்டால் விளக்கு போகிற பேச்சே வந்திருக்காது. பென்சிலை அழித்துவிட்டு, வீண்செலவு என்று பேனாவால் எழுதினேன்.