தம்பியின் முறை நாள்

1990 தை 22

இன்று என் தோட்டத்தை ஒரு பெட்டிக்குள் பார்த்தேன்! ஊர்காவற்றுறையில் விவசாயச் சங்க அலுவலகத்துக்கு, அதுதான் எங்கள் கந்தோருக்கு, வெளிநாட்டுக்காரர் கொம்பியூட்டர் கொடுத்திருக்கிறார்கள். போன வருடம் முதியோர் வகுப்பில் எனக்கு எழுத்துப் படிப்பித்த சறோஜினிதேவிதான் அதில் வேலை செய்கிறாள். எந்தப் பாத்தியில் என்ன நட்டேன், எப்போது நட்டேன் என்று நான் சொல்லச் சொல்லத் தட்டினாள். பச்சை எழுத்து மினுங்கியது.

"இதிலை கத்தரி எங்கை பிள்ளை?"

ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். எல்லாம் இங்கிலீசு. எழுபது வயதில் அ, ஆ படித்துவிட்டு வந்தால் இப்படியா! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அடுத்த வருசம் அதையும் படியுங்கோ அப்பு" என்றாள்.

தை 27

கிணற்றுத் தண்ணீரையும் பதியவேண்டுமாம். உப்பு எப்போது ஏறுகிறது என்று தெரிந்தால் எதை எப்போது நடுவது என்று திட்டம் போடலாமாம். அளக்கக் கருவி இல்லை. தினமும் விடிய என் நாக்குத்தான். நல்லது ஒன்று, சவர் இரண்டு, உப்பு மூன்று.

கிணறு எனக்கும் தம்பி தியாகலிங்கத்துக்கும் பங்கு. ஒரு நாள் என் முறை, மறுநாள் அவன் முறை. ஒருவன் நாளில் மற்றவன் இறைப்பதில்லை. எங்கள் ஐயா காலத்திலிருந்து அப்படி. நான் துலாவைக் கையால் இழுத்து இறைக்கிறேன். அவன் போன வருடம் பம்ப் வாங்கிவிட்டான்.

மாசி 11

தம்பி என்னைச் சைக்கிளில் கந்தோருக்கு ஏற்றிப் போனான். வகுப்புக்கும் அவன்தான் ஏற்றிப் போனவன். எதிர்க்காற்று. அவனுக்கு மூச்சு வாங்கியது. "கிளாக்கரையா, பாலம் வருது, இறங்கி நடவுங்கோ" என்று பகிடி.

பங்குனி 8

திட்டம் தாளில் வந்தது. வெங்காயம் வேண்டாம், கிழக்குப் பாத்தியில் கத்தரி, மேற்கைச் சும்மா விடவும்.

"இதைச் சொல்லக் கரண்ட் வேணுமே?" என்றாள் பரிமளம். ஆனாலும் தாளைத் தடவித் தடவிப் பார்த்தாள். என் மனுசி.

சித்திரை 20

மூன்று என்று நான் சொன்ன நாள்களைச் சறோஜினிதேவி கணக்குப் பார்த்தாள். அநேகமாகத் தம்பி பம்ப் போட்ட மறுநாள்கள். "இன்னும் கொஞ்ச நாள் பாப்பம் அப்பு" என்றாள். பார்க்க என்ன இருக்கிறது?

வைகாசி 6

சங்கக் கூட்டம். கொம்பியூட்டரால் என்ன பயன் என்று தலைவர் அம்பலவாணர் என்னைச் சொல்லச் சொன்னார். நான் எழுதியே கொண்டுபோயிருந்தேன். ஊர் முன்னால் முதல்முறை வாசித்தேன். "தியாகலிங்கம் பம்ப் போட்டு இறைத்த மறுநாள் தண்ணீர் உப்பு." எழுத்துக் கூட்டாமல், ஒரே மூச்சில்! கை தட்டினார்கள்.

தம்பி பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தான். முடிந்து வெளியே வந்தால் சைக்கிளைக் காணவில்லை. நடந்து வந்தேன்.

வைகாசி 7

விடிய வந்தான். உள்ளே வரவில்லை.

"அண்ணை, அந்தப் பெட்டிக்கு நாக்கு இருக்கோ? உங்கட நாக்கு சொன்னதைத்தானே திருப்பிச் சொல்லுது."

நான் திண்ணையில் பாயை விரித்தேன். அவன் உட்காரவில்லை.

"உங்களுக்கு எழுத்து வந்தது எனக்குச் சந்தோசம். ஊருக்கு முன்னாலை முதல் வாசிக்க என்ர பேரோ கிடைச்சது?"

போய்விட்டான். பரிமளம் கொடுத்த தேத்தண்ணீர் படிக்கட்டில் ஆறிக் கிடந்தது.

வைகாசி 15

பம்பைக் கழற்றிவிட்டான். தன் முறைக்கும் வருவதில்லை. அவன் மிளகாய்க் கன்று துவண்டு நிற்கிறது. கூப்பிடப் போனேன். "பம்ப் பழுது" என்றான். துலா இருக்கிறதே என்றேன். கதவைச் சாத்தினான்.

ஆனி 13

ஆமிக்கும் இயக்கத்துக்கும் திரும்பவும் சண்டை. கரண்ட் இல்லை. கந்தோர் பூட்டு.

ஆனி 19

தம்பி கிளிநொச்சிக்கு, மகள் சிவயோகத்திடம் போகிறான். தரைப்பாதை பூட்டு, படகுதான். துறைக்கு ஓடினேன். படகில் ஏறிவிட்டான்.

"கிணறு இனி உங்கட" என்றான்.

அண்ணை என்று சொல்லவில்லை.

ஆடி 10

மூன்று.

ஆடி 16

இன்றும் மூன்று. தம்பியின் பம்ப் நின்று இரண்டு மாதம். பக்கத்து மார்க்கண்டு கிணற்றில் எந்த நாளும் துலாதான். அங்கும் குடித்துப் பார்த்தேன். உப்பு. "மாரி பொய்ச்ச வருசம் அண்ணை, வேறை எப்பிடி இருக்கும்?" என்றார்.

அப்ப நான் சொன்ன மூண்டெல்லாம்? அவன்ர பம்ப் சத்தம் காதிலை கிடக்க, உப்பைத் தேடிக்கொண்டெல்லோ குடிச்சனான். தேடினால் வராதோ? பெட்டியிலை பிழை இல்லை. பெட்டி என்ன செய்யும்.

ஆடி 24

அவனுக்கு எழுதலாம். இப்போது எனக்கு எழுத வரும். ஆனால் அவனுக்கு வாசிக்க வராது. சிவயோகம்தான் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும், மருமகன், பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருக்க. திரும்பவும் நாலு பேர் முன்னாலையோ? நேரே போகவேணும். சண்டையால் இப்போது படகும் ஓடுவதில்லை.

ஆடி 25

கத்தரி வாடுகிறது. இனி எங்களுக்கு ஒவ்வொரு நாளும் இறைக்கலாமே என்கிறாள் பரிமளம்.

இன்று தம்பியின் முறை. விடிய எழும்பி இறைத்தேன். அவன் பக்கத்து வாய்க்காலை வெட்டி, தண்ணீரை அவன் மிளகாய்க்குத் திருப்பிவிடப் பரிமளத்திடம் சொன்னேன். பட்டுப்போன கன்றுகளுக்கிடையில் நாலைந்து இன்னும் பச்சை. அவள் மண்வெட்டியோடு நின்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெட்டினாள்.