சாப்பாட்டு அறையில் ஒரு சதுரம்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
12.9.76

அன்பு மகன் இனிகோவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் அம்மா சுகம், எனக்கு முழங்கால்தான் மக்கர் செய்கிறது, இந்த வருடம் தோணியேறவில்லை. பரோடாவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். உன் ஓவியக் கல்லூரியில் நீ அச்சடித்து அனுப்பிய புத்தகம் வந்ததிலிருந்து உன் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. படமே இல்லாமல் வெறும் எழுத்தை வைத்து நம் வீட்டைக் கட்டியிருக்கிறாய், பக்கத்துக்கு ஓர் அறை, சுவர் இருக்கவேண்டிய இடத்தில் அந்த அறையில் பேசிய பேச்சுகளை அடுக்கியிருக்கிறாய், ஜன்னலுக்குத் தாளையே வெட்டி விட்டிருக்கிறாய், எல்லாம் சரி. ஆனால் யார் பேச்சு? அடுப்படியில் 'உப்பு பாத்தியால', 'கைய கழுவிட்டுத் தொடு' என்று நாலு சுவரும் அவள். மாடிப்படி ஒவ்வொன்றும் 'மெதுவா எறங்குல' என்று அவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து மீன்குழம்பு சாப்பிட்டுப் போகிற உன் விக்டர் மாமாவுக்குக்கூட முன்னறையில் ஒரு முழுச் சுவர். தண்டலாகத் தோணி ஓட்டிக் கல்லும் சுண்ணாம்பும் வாங்கிப் போட்ட எனக்கு வாசலில் 'ஏளா, கதவத் தெற' என்று ஒரே வரி. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

பக்கத்து வீட்டுப் பெண்களையெல்லாம் உட்காரவைத்து உன் அம்மா தன் சுவர்களை வாசித்துக் காட்டுகிறாள். எதிர்வீட்டு அல்போன்சா புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'தண்டல் அண்ணாச்சி எங்கன இருக்காவ?' என்று கேட்டாள். அன்றைக்குத்தான் சாப்பாட்டு அறைப் பக்கத்தில் எழுத்து விழாத ஒரு சதுரத்தைப் பார்த்தேன். அச்சில் மை ஒட்டவில்லை, நல்லதாய்ப் போயிற்று என்று பேனாவை எடுத்து, 'இந்த வீட்டைக் கட்டியது தண்டல் சிலுவை. ஏளா பிளாரன்ஸ், இன்னும் ரெண்டு துண்டு மீன் போடு' என்று இடம் நிறைய எழுதிவிட்டேன்.

உன் அம்மா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். 'அது ஒங்க எடம்லா, நீங்க தோணியேறுனா திரும்பி வாரவரைக்கும் அங்கன ஒருத்தரயும் உக்காரவிட மாட்டேன், புள்ள அதத்தான் வெறுமையா வுட்டுருக்கான்' என்றாள். எனக்கு எப்படித் தெரியும் மகனே? நான் வீட்டில் இருக்கிறபோது அந்த இடம் காலியாக இருந்ததே இல்லையே. பிறகு பார்த்தால் அந்தப் பக்கத்துப் பேச்செல்லாம் அதைச் சுற்றி ஒதுங்கித்தான் நிற்கிறது. வீடு நிறைய அவள் பேச்சு, எனக்கென்று இருந்த ஒரு சதுரத்தையும் அவளே காத்து வைத்திருக்கிறாள், நீ அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறாய், நான் மட்டும் பார்க்கவில்லை. அதை நினைத்தால் அவள்மேல் பொறாமை இன்னும் கூடத்தான் செய்கிறது.

புத்தகம் கெட்டுப்போயிற்று, வேறொன்று அனுப்பச் சொல்லுங்கள் என்று அம்மா நச்சரிக்கிறாள். அனுப்பாதே. நீ அச்சடித்த மற்றப் புத்தகங்களில் நான் கடலிலேயே இருந்துகொள்கிறேன். இதில் வந்து உட்கார்ந்துவிட்டேன், என்னை எழுப்பவேண்டாம்.

குளிர் வருமுன் கம்பளியை வெயிலில் போட்டு எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. விக்டர் மாமா தனக்கும் ஒரு புத்தகம் கேட்டு எழுதினால் தீர்ந்துவிட்டது என்று சொல். மாதா உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
சிலுவை