வளர்கிற கைக்கு ஒரு வயலின்

ஜூன் 9
பள்ளிக்கூடத்து வயலினை மாதக் கடைசியில் திருப்பித் தரவேண்டுமாம். சொந்தமாக ஒன்று இருந்தால்தான் வகுப்பில் தொடர முடியும் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். என் மகள் வாண்டு செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள். நீச்சல் ஒரு வாரம், ஓவியம் ஒரு மாதம் என்று ஓடியவள், ஒரு வருடமாக விடாமல் பிடித்திருப்பது இதை மட்டும்தான். இதையும் விட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. ஒரு தையல்காரன் வயலின் எப்படி வாங்குவது?

ஜூன் 12
வாத்தியக் கடைக்குப் போனேன். வயலினின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தால், சின்னக் குச்சி ஒன்று நிற்கிறது. பசை போட்டு ஒட்டவில்லையாம், நெருக்கத்திலேயே நிற்கிறதாம். நூல் இல்லாமல் தைத்த மாதிரி! மலிவான புதுசு ஒன்றைக் கையில் எடுத்தேன். கடைக்காரரே தடுத்துவிட்டார். "அது வேணாங்க. தந்தி கட்டுற முளை நிக்காது. பிள்ளை வாசிக்கிறதை விட முறுக்கிட்டிருக்கிறதுதான் அதிகமா இருக்கும்."
மாத வாடகைக்கும் தருவார்களாம். போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்க இது என்ன கல்யாணக் கோட்டா?

ஜூன் 15
ஆக, பழையதுதான். கழுத்து வளைந்திருக்கிறதா, பலகையில் விரிசல் உண்டா, வில்லில் முடி மிச்சம் இருக்கிறதா – இதெல்லாம் பார்க்க வேண்டுமாம். துணி வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போலத்தான்.

ஜூன் 20
கிடைத்துவிட்டது! என்னிடம் பேன்ட் தைக்கும் வங்கிக்காரர் ஊர் மாறிப் போகிறார். பாதி விலைக்கும் கீழே கொடுத்தார். முழு அளவு. டீச்சர் கேட்டது முக்கால் அளவு. இருந்தால் என்ன? வளர்கிற பிள்ளை. எத்தனை சீருடைகளில் கைநுனியை உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன், பிறகு பிரித்துவிட!
"மடிச்சு வைக்க அது சட்டையாங்க?" என்றாள் மனைவி. சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஜூலை 3
வீட்டில் சத்தமே இல்லை. கேட்டால், வீட்டுப்பாடம் என்கிறாள்.

ஜூலை 8
டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். என் கழுத்தில் தொங்கிய டேப்பையே உருவி, வாண்டுவின் கழுத்திலிருந்து உள்ளங்கை வரை அளந்து காட்டினார். முழு அளவுக்கு எட்டவே இல்லை. எட்டி எட்டிப் பிடித்ததில் கை வலியாம். இந்தத் தெருவில் எல்லார் கையையும் அளந்திருக்கிறேன். இவள் கையை மட்டும் அளக்கத் தோன்றவில்லையே. என்ன மண்டை எனக்கு?
வலிக்கிறது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
"நீங்க ஆசையா வாங்கினீங்க... நான் வகுப்பை விட்டுடறேன்பா."
அழுகை வந்துவிட்டது எனக்கு.

ஜூலை 10
வாடகைக்கே எடுத்தோம், முக்கால் அளவு. வளர்ந்தால் பெரியதாக மாற்றித் தருவார்களாம். இதைத்தான் கடைக்காரர் அன்றைக்கே சொன்னார், நான் காது கொடுக்கவில்லை.
சாயங்காலம் வீட்டில் மறுபடி சத்தம். காதைக் கிழிக்கிறது. நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2
பெரியதை வாங்க ஆள் இல்லை. மத்தியானம் கடை காலியாக இருந்தபோது சும்மா தோளில் வைத்துப் பார்த்தேன். எனக்குக் கச்சிதம். எப்படித்தான் இதிலிருந்து சத்தம் வருகிறது?

அக்டோபர் 19
என் டீச்சரம்மா பொல்லாதவள். "தோளைத் தூக்காதீங்கப்பா. அளவு குடுக்க வந்தவர் மாதிரி விறைப்பா நிக்கிறீங்க."

மே 28
புதுச் சீருடைக்கு வாண்டுவை அளந்தேன். சட்டைக்கைக்கு அளந்த கையோடு, கழுத்திலிருந்து உள்ளங்கை வரைக்கும் அளந்தேன். டேப் கொஞ்சம் குறைத்துக் காட்டாதா என்று இருந்தது. காட்டவில்லை. வளர்ந்துவிட்டாள்.
பெரியதைத் துடைத்து, புதுத் தந்தி மாட்டி, அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

மே 30
சின்னதைத் திருப்பிக் கொடுக்க இருவரும் போனோம். நான் கணக்கை முடிக்கச் சொல்வதற்குள், வாண்டு முந்திக்கொண்டு, முழு அளவில் ஒன்று மாற்றித் தரச் சொன்னாள்.
கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டார் கடைக்காரர்.
"நாப்பத்தாறு," என்றாள்.
வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறோம்.