இருபது வயது மரம்

மார்ச் 4

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து காகிதத்தில் காடு வளர்க்கிறவனுக்கு என்ன குறை?

நாற்பது வயதான மரத்தைத்தான் வெட்டலாம் என்று இருந்தது. இனி இருபது வயதிலேயே வெட்டலாம் என்று உங்கள் வன அலுவலகம் உத்தரவு போட்டிருக்கிறது. மரத் தேவை எக்கச்சக்கமாக ஏறப்போகிறதாம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் எங்கள் அறுவை மில்லுக்கு முதல் லாரி வந்தது. வைரம் பாயாத இளங்கட்டைகள். அறுத்து அடுக்கினால் மத்தியானத்துக்குள் முறுக்கிக்கொள்கிறது. அதில் செய்த கதவு நிலையை இன்று தச்சர் தலையில் சுமந்து வந்து வாசலில் போட்டார். "இந்த நிலையில கதவ மாட்டினா, சாத்துறதுக்கு ரெண்டு ஆள் வேணும்மா" என்றார்.

இருபதைத் தாண்டிய மரத்தையெல்லாம் மூன்று வருஷத்தில் வெட்டித் தீர்த்துவிடுவார்கள். அப்புறம் நல்ல மரம் வேண்டுமென்றால், இருபது வருஷம் எதையும் தொடாமல் காத்திருக்க வேண்டும். அதுவரை நான் எதை அறுப்பது, காற்றையா? பத்தாவது வரை உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தக் கணக்குகூடவா உனக்கு வரவில்லை?

கோபத்துடன்,
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா நலமா? நீ கேட்காவிட்டாலும் இங்கே நாங்கள் நலம். என் தலைக்கு மேலுள்ள மின்விசிறி ஓடி ஒரு வருஷமாகிறது.

மரத் தேவையை நானா கற்பனை செய்தேன்? வருஷத்துக்கு இவ்வளவு மரம் வேண்டும் என்று பதினோரு மில்காரர்களும் எழுதிக் கொடுத்த படிவங்களைத்தான் கூட்டினேன். எனக்கு முன்னால் இருந்த அதிகாரி எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிடுவாராம். ஏன் என்று கேட்டேன். "மில்லுக்காரங்க எழுதுறத எவன் நம்புவான்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் அக்காவும் மில் நடத்துகிறவள்தானே.

அதனால் உன் படிவத்தை முதலில் எடுத்துப் பார்த்தேன். மற்ற பத்தும் அதோடு ஒத்துப்போயின. அக்கா பொய் எழுதமாட்டாள், ஆகவே எல்லாமே உண்மை என்று ஒன்றைக்கூடக் குறைக்காமல் சேர்த்தேன்.

நீ எழுதிய அளவு மரம் உன் மில்லில் ஒரு வருஷமாவது அறுபட்டிருக்கிறதா அக்கா?

உன் தம்பி

மார்ச் 16

தம்பிக்கு,

இல்லை. எங்களுக்கு வேண்டியது அதில் பாதிதான்.

எல்லா மில்லும் இரண்டு மடங்காக எழுதும், நீங்கள் அதைப் பாதியாகக் குறைப்பீர்கள், கடைசியில் வேண்டியது வந்து சேரும். இத்தனை வருஷமும் இப்படித்தான் நடந்தது. போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

உன்னைத் திட்டத் திட்ட என் மேலேயே ஆத்திரம் வருகிறது. அதற்கும் உன்னைத்தான் திட்டுகிறேன். உத்தரவை நிறுத்த வழி உண்டா? அதை மட்டும் எழுது.

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரே வழிதான். மில்காரர் ஒருவர் தன் படிவம் பொய் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், எல்லாக் கணக்கையும் மறுபடி எடுத்தாக வேண்டும். அதுவரை வெட்டு நிற்கும். ஆனால் அந்த மில்லின் லைசென்ஸ் போய்விடும்.

மற்ற பத்துப் பேரிடமும் போய்க் கேட்டேன். இரண்டு பேர் டீ கொடுத்து அனுப்பினார்கள், மற்றவர்கள் அதுவும் இல்லை. தப்பு என்னுடையது என்று நானே எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். "அக்காவ நம்புனது ஒரு தப்பாப்பா, போய் வேலையப் பாரு" என்று மேலதிகாரி சிரித்தார்.

நீ எழுதிக் கொடுக்க வேண்டாம். உனக்கும் மாமாவுக்கும் வேறு பிழைப்பு ஏது?

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

நீ வேண்டாம் என்று சொன்னால் நான் செய்வேன் என்று உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இது தந்திரம் இல்லை என்று நீ சத்தியம் செய்தாலும் நம்பமாட்டேன்.

கையெழுத்துப் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் மேலதிகாரி இந்த முறை சிரிக்கவில்லை. நேற்று மில்லுக்குச் சீல் வைத்தார்கள். அதற்கு முன் உன் மாமா ரம்பத்துக்கு எண்ணெய் தடவித் துணி சுற்றினார். "துரு ஏறிடும்" என்றார்.

சாயங்காலம் தனியாக மலைப்பக்கம் போனேன். வெட்டுவதற்காக நம்பர் போட்ட மரங்கள் அப்படியே நிற்கின்றன. சிவப்புப் பெயின்ட் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. அவற்றுக்கு நாற்பது வயதாகும்போது எனக்கு அறுபத்தைந்து.

ஆறுதல் சொல்கிறேன் என்று இங்கே வந்து நிற்காதே. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். மில் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். உன் மேல் உள்ள கோபம்தான் ஆறவில்லை.

என்னை நம்பச் சொல்லி உன்னிடம் யாரடா கேட்டது?

அக்கா