குழந்தை யேசுவுக்கு அரைஞாண்

வைகாசி 28, செவ்வாய்.

பருத்தித்துறை மரியம்மா எட்டு வருடம் நேர்த்தி வைத்துப் பெற்ற மகனுக்காக அந்தோனியார் பதக்கம் கேட்டிருந்தார். அவர் வீட்டுப் பறங்கியர் காலத்து மரச் சுரூபத்தை இரவல் வாங்கிப் பார்த்துச் செதுக்கினேன். மெருகிட்ட பிறகுதான் கண்டேன்: அந்தோனியார் ஏந்தியிருக்கும் குழந்தை யேசுவின் இடுப்பில் என் பாழாய்ப்போன கை, பழக்கத்தில் அரைஞாண் கட்டியிருந்தது. சுரூபத்தில் அது இல்லை. சைவக்காரன் தங்கள் வேதத்தைக் கெடுத்தான் என்று ஏசுவாரோ?

“பிழை விட்டிட்டன், அம்மா. அழிச்சுத் தாறன்,” என்றேன்.

மரியம்மா பதக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். “ஏன் பத்தர், பிள்ளையை வெறும் அரையோடை விடலாமோ?”

நான் திருப்பிக் கொடுத்த சுரூபத்தையும் என்னிடமே தந்துவிட்டுப் போனார். மரப் பிள்ளைக்கும் வெள்ளியில் ஒன்று வேண்டுமாம். நூல் சுற்றி அளவெடுத்துவிட்டேன். வளரும் பிள்ளைக்கு விடுவதுபோல் இரண்டு கண்ணி கூட்டியே குறித்திருக்கிறேன்.